பவுனைப் பணயம் வைத்து ஃபுல்ஃப்ரேம் கேமரா வாங்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் கல்யாண ஃபோட்டோ, வீடியோ எடுக்கிறேன். வயது 29. வருடத்துக்கு 25 கல்யாணம் வரும். கையில் கேனான் 80டி, அதோடு வந்த 18-135 லென்ஸ், ஒரு 50 எம்.எம். எஃப்1.8 இருக்கின்றன. ஃபுல்ஃப்ரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் பெரிய ஆர்டர் பிடிக்கலாம். பழைய கேனான் 5டி மார்க் 4 பாடியும் ஒரு லென்ஸும் சேர்த்து 1,50,000 ரூபாய் சொல்கிறார்கள். 10 சதவீத வட்டி, மாதம் 7,500 வீதம் 24 தவணை. அல்லது மனைவியின் நகையைப் பணயம் வைக்கலாமா? வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 1,500 ஆகிறது.

பதில்: தம்பி, முதலில் அந்த 10 சதவீதத்தைப் பார்ப்போம். 7,500-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,80,000. இது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒன்றரை லட்சத்துக்கும் போடுகிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் 18 சதவீதம் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் அபூர்வம். தவணை அதையெல்லாம் பார்க்காது.

இனி கேமரா. 5டி மார்க் 4 ஃபோட்டோவுக்கு அருமையான கேமரா, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் வீடியோவும் எடுக்கிறவர். அதில் 4கே போட்டால் ஃப்ரேம் 1.74 மடங்கு வெட்டுப்படும், 24 எம்.எம். லென்ஸ் 42 மாதிரி ஆகிவிடும். மணமேடை முழுவதும் அடங்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து பந்திக்குள்ளேயே போய்விடுவீர்கள். 64 ஜிபி கார்டு 17 நிமிடத்தில் நிறையும். 4கே வேண்டாம், ஃபுல் ஹெச்டி போதும் என்றால் அதை உங்கள் 80டியே எடுக்கிறது. கேனானிலேயே 6டி மார்க் 2 விலை குறைவுதான், ஆனால் 4கே இல்லை, கார்டு ஸ்லாட்டும் ஒன்றே ஒன்று. தாலி கட்டும் நேரத்தில் கார்டு படுத்தால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. நிக்கான் டி780 ஃபோட்டோ, வீடியோ இரண்டுக்கும் பொருந்தும், 4கே-யில் வெட்டும் இல்லை. ஆனால் உங்கள் கேனான் லென்ஸ் எதுவும் அதில் ஏறாது.

லென்ஸ் விஷயம் 5டியிலும் உண்டு. உங்கள் 18-135 சின்ன சென்சார் உள்ள க்ராப் கேமராவுக்கானது, ஃபுல்ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது. 50 மட்டும் போகும். அப்புறம் ஷட்டர். 5டி மார்க் 4-க்குக் கம்பெனி சொல்வது 1,50,000 க்ளிக். கல்யாணத்துக்கு 2,500 படம் என்று வைத்தால் 25 கல்யாணத்தில் 62,500. கடையில் இருக்கிற கேமரா ஏற்கெனவே 90,000 ஓடியிருந்தால், தவணை பாதி முடியும்போது ஷட்டர் ஆயுளும் முடிகிற கணக்கு. எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்டீர்களா?

நான் செய்வதானால் 80டிக்கு 17-50 எஃப்2.8 லென்ஸ் ஒன்று பழையதாகப் பார்த்து வாங்குவேன். மங்கலான சர்ச்சிலும் மண்டபத்திலும் கேமராவோடு வந்த கிட் லென்ஸைவிட அது, ஜூமைப் பொறுத்து, சுமார் ஒன்றரை ஸ்டாப் வரை கூடுதல் வெளிச்சம் தரும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஃபுல்ஃப்ரேமுக்கு மாறினாலும் கிடைக்கிற ஆதாயம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பெரிய ஆர்டருக்கு வாடகை. 1,80,000 ரூபாய் 120 நாள் வாடகைக்குச் சமம். வருடத்துக்கு 15 பெரிய கல்யாணம் என்றால் எட்டு வருடம் ஓடும். பெரிய முகூர்த்த நாளில் வாடகைக் கேமரா கிடைக்காது, அது உண்மை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த ஆவணி, தை இரண்டு சீசனிலும் ஃபுல்ஃப்ரேம் என்று சொல்லி 5,000 கூட்டிக் கேளுங்கள். பாதிப் பேராவது கொடுத்தால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் டி.எஸ்.எல்.ஆர்.தானா என்று யோசியுங்கள். 2020-க்கு அப்புறம் கேனானும் சரி நிக்கானும் சரி, புது ஃபுல்ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். விடவில்லை. திரும்ப விற்கும்போது அது விலையில் தெரியும். உள்ளே கண்ணாடி இல்லாத புது வகையான கேனான் மிரர்லெஸ் என்றால் அடாப்டர் போட்டு உங்கள் பழைய லென்ஸையே மாட்டலாம்.

நகைக் கடன் வட்டி, வங்கியில் வைத்தால் இந்த 18 சதவீதத்தைவிடக் குறைவுதான். ஆனால் மாதாமாதம் அசல் கட்டும் கட்டாயம் பல திட்டங்களில் இல்லாததால், வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதே பழக்கமாகிவிடும். வைப்பதாக இருந்தால் மாதம் 7,500-ஐ அதிலேயே கட்டுங்கள். அதற்கு முன் மனைவியிடம் கேளுங்கள். கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

எது வாங்கினாலும் கேமராவை ஈரம் படாமல் வைக்கிற டிரை கேபினட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். நம் குமரிப் பக்கம் இரண்டு மழைக்காலம், போதாததற்குக் கடல் காற்று. ஐப்பசி மழை முழுக்கப் பையிலேயே கிடந்த என் லென்ஸைக் கார்த்திகையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.