‘ராக்’ என்றால் பாறையா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கலைமன்றத்து இளைஞர்கள் ‘ராக்’ இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அழைப்பிதழைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும். தமிழுக்கு ஒருவர் ‘பாறை இசை’ என்று எழுதித் தந்தார். அந்த ஆங்கிலச் சொல் போதைப்பொருளைக் குறிக்கும், தகாத பொருளும் உண்டு என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் தடுக்கிறார். என்ன போடுவது?

பதில்: ‘பாறை இசை’ வேண்டாம். ஊர்ப்பெயரிலேயே பாறை உள்ள உங்கள் பகுதியில் அதைப் படிப்பவர், ஏதோ பாறைமேல் நடக்கும் கச்சேரி என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘ராக்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வேறு சொற்கள் உள்ளன. பாறையைக் குறிப்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல். ஆட்டுதல், அசைத்தல் என்று பொருள்படுவது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினைச்சொல். தொட்டிலை ஆட்டுவதற்கு வழங்கும் இந்த வினைதான் இசைக்குப் பெயரானது. தமிழிலும் ‘கல்’ பெயராக வந்தால் கருங்கல், வினையாக வந்தால் கற்றுக்கொள் என்பது பொருள். ‘கல்வி’யில் யாரும் கருங்கல்லைத் தேடுவதில்லை அல்லவா?

அலையில் கப்பல் ஆடிப் புரள்வதைச் சொல்ல ‘ராக்’, ‘ரோல்’ என்ற இரு வினைகளும் இணைந்தே வழங்கின. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அவை தேவாலயத்தில் பாட்டுக்கு உடல் அசைந்தாடுவதையும், நடனத்தையும், மறைமுகமாக ஆண்பெண் உறவையும் குறித்தன. 1922இல் ட்ரிக்ஸி ஸ்மித் என்ற பாடகி பாடிப் பதிவான, ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசைவகையைச் சேர்ந்த ஒரு பாட்டின் தலைப்பிலேயே இரண்டும் வருகின்றன. அங்கே தொனிப்பது இந்த மறைபொருள்தான். ஆகவே பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1950களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரைப் பரவலாக்கிய பிறகு அது ஓர் இசைவகையின் பெயராக நிலைத்தது. 1960களில் ‘ராக்’ என்று சுருங்கியபோது பழைய மறைபொருளை நினைப்பவர் அரிதாகிவிட்டனர்.

போதைப்பொருள் விஷயம் வேறு. அது பாறைச் சொல்லின் கிளை. கட்டியாக இருக்கும் கிராக் கொக்கெய்னை ‘ராக்’ என்பது அமெரிக்கத் தெருவழக்கு. பானத்தில் இடும் பனிக்கட்டிக்கும் மோதிரத்து வைரத்துக்கும்கூட அதே பெயர் உண்டு. நாம் ‘ஏழு கல் மூக்குத்தி’ என்பதும் இதே முறையில்தான். இசைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைப் பெரியவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். திருவிழா அழைப்பிதழில் கெட்ட சொல் வந்துவிடக்கூடாது என்ற அவருடைய அக்கறை மதிக்கத்தக்கது.

இளைஞர்கள் ஒருவரைப் பாராட்ட ‘யூ ராக்’ என்கிறார்களே, அது ஆட்டுதலிலிருந்து கிளைத்த வழக்கு. உங்கள் பக்கத்தில் தமிழரும் கூசாமல் சொல்லும் ‘அடிபொளி’ என்ற மலையாளச் சொல் அதற்கு மிகப் பொருத்தமான இணை. ‘அசத்திட்டே’ என்றாலும் சரிதான்.

ஆட்டம் என்ற பொருள் எவ்வளவு பொருத்தம் என்பதைக் கையால் தட்டிப் பார்த்தே அறியலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே சீராக எண்ணி, இரண்டிலும் நான்கிலும் மட்டும் அழுத்தித் தட்டுங்கள். பெரும்பாலான ராக் பாடல்களில் டிரம்ஸ் வாசிப்பவர் ஸ்னேர் என்ற சிறு முரசை அடிப்பது அந்த இரு இடங்களில்தான். சற்று நேரத்தில் தோள்கள் தாமாகவே இருபுறமும் அசையத் தொடங்கும்.

அதற்காக ‘ஆட்ட இசை’ என்று பெயர்த்தாலும் கரகாட்டம், ஒயிலாட்டத்துக்கு வாசிக்கும் மேளம் என்று மயங்குவார்கள். ‘ராக்’ என்றே எழுதுவதுதான் தெளிவு. மலையாளிகளும் அப்படியே வழங்குகிறார்கள். திருவனந்தபுரத்து ‘அவியல்’ குழு மலையாளத்திலேயே பாடி அந்த இசையைக் கேரளத்தில் பலருக்கும் பழக்கியிருக்கிறது. பழக்கமில்லாதவருக்காகக் கீழே ஒரு விளக்க வரி சேருங்கள்: ‘கலைமன்ற இளைஞர்கள் வழங்கும் ராக் இசை நிகழ்ச்சி. எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் இசையுடன் தமிழ், மலையாளப் பாடல்கள்.’