அவ்ரும் முதல் ஸாந்தெர்னா வரை: ரோமானியப் பொற்கொல்லரின் சொற்கள் (கேள்வி-பதில்)

கேள்வி: தங்கத்தைக் குறிக்கும் ‘அவ்ரும்’ என்ற சொல்லிலிருந்துதான் விடியல் தேவதை ‘அவ்ரோரா’வின் பெயர் பிறந்ததா?

இல்லை. அவ்ரோரா வடமொழி ‘உஷஸ்’ என்பதன் உறவுச்சொல். தங்கத்தைச் சபீனர்கள் (ரோமுக்கு அண்டையில் வாழ்ந்த இனத்தார்) ‘ஔசும்’ என்றார்கள் என ரோமானிய இலக்கண அறிஞர் ஃபெஸ்துஸ் குறித்திருக்கிறார். உயிரெழுத்துகளுக்கு இடைப்பட்ட ஸகரம் லத்தீனில் ரகரமாகத் திரிந்ததற்கு அது நல்ல சான்று.

கேள்வி: ‘அவ்ரிஃபெக்ஸ்’ என்பவர் பொன்வேலை முழுவதையும் தாமே செய்தாரா?

அகராதிகள் ‘பொற்கொல்லர்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதால் எழும் ஐயம் இது. கல்வெட்டுகளைப் பார்த்தால், பொன் ரேக்கு (மிக மெல்லிய தகடு) அடிப்பவர் ‘பிராத்தியாரியுஸ்’, முலாம் பூசுபவர் ‘இனவ்ராதோர்’, மோதிரம் செய்பவர் ‘ஆனுலாரியுஸ்’ எனத் தொழில் பிரிந்து கிடப்பது தெரியும். ஓர் அவுன்ஸ் பொன்னிலிருந்து நான்கு விரற்கடைச் சதுரமுள்ள 750க்கும் மேற்பட்ட ரேக்குகளை அடிக்கலாம் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ நூலின் 33ஆம் பகுதியில் எழுதுகிறார். அவற்றுள் மிகத் தடித்தது ‘பிராயெனெஸ்தினா’. பிராயெனெஸ்தே நகரில் ஃபோர்தூனா தேவியின் சிலைக்குப் போர்த்தப்பட்ட ரேக்கு இவ்வகையைச் சேர்ந்ததாகையால் அப்பெயர் வந்தது.

கேள்வி: பொன் துண்டுகளை ஒட்டிப் பற்றவைக்கும் பொடிக்குத் தனிச்சொல் உண்டா?

உண்டு, ‘ஸாந்தெர்னா’. சைப்ரஸ் செம்பின் களிம்பு, பருவமடையாத சிறுவனின் சிறுநீர், ‘நித்ரும்’ என்ற காரம் ஆகியவற்றைச் செம்பு உரலில், செம்பாலேயே அரைத்து இதைச் செய்தார்கள் என்பதும் பிளினி தரும் செய்திதான். பட்டறைக்குள் மட்டும் புழங்கிய இத்தகைய சொற்களை அவர் பதிந்து வைத்ததற்கு நாம் பெரிதும் நன்றி பாராட்ட வேண்டும்.

கேள்வி: மாற்றுப் பார்ப்பதை லத்தீனில் எப்படிச் சொல்வார்கள்?

தீயிலிட்டுச் சோதிப்பது ‘ஓப்ருஸ்ஸா’, உரைகல் ‘கோத்திகுலா’. உரைத்த கீற்றைப் பார்த்தே பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் அளவை, ஓர் அவுன்ஸில் 24இல் ஒரு பங்கான ‘ஸ்க்ரூபுலும்’ வரை பிசகாமல் சொல்லிவிடுவார்களாம். பொன்னில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளி கலந்திருந்தால் அதற்கு ‘எலெக்த்ரும்’ என்று பெயர். அம்பர் என்ற புதைபடிவ மரப்பிசினுக்கும் அதே சொல் வழங்கியதால், படிக்கும்போது இடமறிந்து பொருள்கொள்ள வேண்டும்.

கேள்வி: ‘அவ்ரேயுஸ்’ பெயர்ச்சொல்லா, அடைமொழியா?

அடிப்படையில் ‘பொன்னாலான’ என்ற அடைமொழி. நாணயப் பெயராக நிலைபெற்றபின் தனித்தே வழங்கியது. யூலியுஸ் சீசர் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 40 என அச்சிடப்பட்ட இக்காசு, நீரோ காலத்தில் 45 ஆக எடை குறைந்தது. பின்னர் கான்ஸ்தந்தீன் ராத்தலுக்கு 72 வீதம் வெளியிட்ட ‘சோலிதுஸ்’ அதன் இடத்தைப் பிடித்தது.