டிவியில் திரை ஓரம் வெட்டுப்படுகிறதா? ரிமோட்டைப் பாருங்கள்

தொண்டித் தம்பிக்கு,

கணினியில் புது என்விடியா கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்) போட்டு டிவியில் இணைத்ததும் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் மறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இது ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவிகளில் ஓரம் ஒழுங்காக வராது என்பதால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைத்தார்கள். அந்தப் பழக்கம் எல்இடி டிவியிலும் தொடர்கிறது.

முதலில் டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸுக்குப் போங்கள். ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருக்கும், டிவியைப் பொறுத்துப் பெயர் மாறும். அதைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் உள்ள என்விடியா கன்ட்ரோல் பேனல் என்ற மென்பொருளிலும் டெஸ்க்டாப்பைச் சுருக்க வழி உண்டு, ஆனால் அதைக் கடைசியாக வையுங்கள். டிவி பெரிதாக்கியதைக் கார்டு சுருக்கினால் எழுத்து மங்கிவிடும். உங்களுடையது ஃபுல் எச்டி டிவி என்பதால் ரெசல்யூஷன் 1920×1080 இருக்கட்டும்.

அப்புறம், படம் விட்டுவிட்டு வருகிறது என்றீர்களே, அதற்கு உப்புக்காற்று காரணமாக இருக்கலாம். மண்டபம் ஊரில் எங்கள் வீடு கடலை ஒட்டி இருக்கிறது. கணினியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் முனை கறுத்துப்போய் இதே தொல்லை வந்தது. கேபிளை மாற்றியதும் சரியானது. நீங்களும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.