நீண்ட தூரப் பயணிகள் விமானங்களுக்கு நடுவானிலேயே எரிபொருள் நிரப்பினால் என்ன?

விமான நிலையமொன்றில் எரிபொருள் நிரப்பும் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2020 ஜூலையில் பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த ரஃபேல் போர் விமானங்களுக்கு வானிலேயே எரிபொருள் கொடுத்த படங்கள் வெளியானபோது, என் மைத்துனர் ஒரு படத்தை அனுப்பி, “அத்தான், வானில் எரிபொருள் கொடுக்கும் டாங்கராகப் பறப்பதே ஏர்பஸ் ஏ330 என்ற பயணிகள் விமான ரகம்தான். அப்படியிருக்க, பயணிகள் விமானத்துக்கு மட்டும் ஏன் இதைச் செய்வதில்லை?” என்று கேட்டார். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

இது முயன்று பார்க்காத யோசனை அல்ல. 1939 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ், கரிபூ, கேபட் என்ற இரண்டு பறக்கும் படகுகளை (தண்ணீரில் இறங்கி எழும்பும் விமானங்கள்) அட்லாண்டிக்கின் குறுக்கே இயக்கியது. முழு எரிபொருளுடன் அவற்றால் தண்ணீரை விட்டு எழும்ப முடியாது. எழும்பிவிட்டால் அந்தப் பாரத்தைச் சுமந்துவிடும். அதனால் பிரிட்டிஷ் விமானி ஆலன் கோபாமின் நிறுவனம் வானில் குழாய் நீட்டி எரிபொருள் கொடுத்தது. அந்தப் பயணங்களில் போனது தபால்.

சரி, குழாய் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று கொந்தளிக்கலாம், டாங்கரே நேரத்துக்கு வராமல் போகலாம். முந்நூறு பேரோடு அந்த விமானம் எங்கே போகும்? இறங்கத் தகுந்த ஒரு விமான நிலையத்தை எட்டும் அளவுக்கு எரிபொருள் அதனிடம் எப்போதும் மிச்சமிருக்க வேண்டும். ஆக, டாங்கரைச் சந்திக்கும் இடம் ஏதாவதொரு விமான நிலையத்தை எட்டும் தூரத்துக்குள்தான் அமையும். அப்படியென்றால் அங்கேயே இறங்கி நிரப்பிக்கொண்டு போய்விடலாமே! என்னைப் பொறுத்தவரை கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது.

செலவும் லேசானதல்ல. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஒரேயொரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அந்தத் தீவுகளின் தலைநகர் ஸ்டான்லி வரை அனுப்ப 11 விக்டர் டாங்கர்கள் பறந்தன. அவை தங்களுக்குள்ளேயும் எரிபொருள் கொடுத்து வாங்கிக்கொண்டன. போருக்கு அந்தக் கணக்கு சரி, டிக்கெட்டுக்குக் கட்டாது. ஆபத்துக்கும் சாட்சி உண்டு. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் அருகே அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று தன் டாங்கரோடு மோதி ஏழு பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் இதற்கென்றே பயிற்சி பெற்ற படையினர்.

விமானங்களும் வளர்ந்துவிட்டன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இடைநில்லாமல் பறக்கும் ஏ350-900யூஎல்ஆர் என்ற மிக நீண்ட தூர ரகத்தின் டாங்குகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். அவ்வளவு எடையைச் சுமக்க வேண்டியிருப்பதால் இருக்கைகள் 161 மட்டுமே. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது என்பது உண்மைதான். அதற்காகக் குழாயை வானத்துக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

தரையில் நாங்கள் எப்படி நிரப்புகிறோம் என்று பாருங்கள். முதலில் லாரியையும் விமானத்தையும் கம்பியால் இணைப்போம்; நிலைமின்சாரப் பொறி கிளம்பக் கூடாது. கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எரிபொருள் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். பிறகு மஞ்சள் வில்லைச் சோதனை. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் வில்லை பச்சையாக மாறும். ஒரு மழைக்கால இரவில் என் கையிலேயே அது மாறியது. கையை உயர்த்தி வேலையை நிறுத்தினேன். மறுபடி மாதிரி எடுத்தோம், மறுபடியும் பச்சை. அந்த லாரியை ஒதுக்கிவிட்டு வேறு லாரி வரவழைத்தோம். விமானம் நாற்பது நிமிடம் தாமதம். பயணிகள் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.