கவிழ்ப்பதா, தொடர்வதா? லிமிட் போக்கர் கேள்வி-பதில்

புளியங்கொட்டை வைத்து லிமிட் போக்கர் ஆடுகிறோம். முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 2 கொட்டை, அடுத்த இரண்டில் 4. டர்ன் வரை, அதாவது தரையில் எல்லோருக்கும் பொதுவாக நான்காவது சீட்டு விழும்வரை, கையிலும் தரையிலுமாக நான்கு ஸ்பேட் சேர்ந்துவிட்டது. ஃப்ளஷுக்காக (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கடைசிச் சீட்டு வரை காத்திருக்கலாமா? (பென்னாகரம்)

புளி தட்டும் ஊரில் பந்தயக் காய்க்கு என்ன பஞ்சம்! ஆனால் நடுவில் எத்தனை கொட்டை இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே. டர்னுக்குப் பிறகு, கையில் 2, தரையில் 4 போக, உங்கள் கண்ணில் படாத சீட்டு 46. அதில் 9 ஸ்பேட். மீதி 37 உதவாது; அது 9-ஐப் போல நான்கு மடங்குக்குச் சற்று மேல். எனவே 4 கொட்டை போட்டுத் தொடர, எதிராளி இப்போது போட்டதையும் சேர்த்து நடுவில் 17 கொட்டையாவது வேண்டும். 20 இருந்தால் தாராளமாகப் போடுங்கள். 12தான் என்றால், ஃப்ளஷ் அமைந்தபின் அவரிடமிருந்து இன்னொரு 4 வரும் என்று வைத்துக்கொண்டாலும் 16தான்; சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுங்கள். லிமிட்டில் அவர் இஷ்டத்துக்கு ஏற்றி உங்களை விரட்ட முடியாது. அதேபோல உங்களாலும் கடைசியில் பெரிதாகக் கறக்க முடியாது. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும்) பந்தயம் பாதி என்பதால் அங்கே தொடர்வது பெரும்பாலும் கட்டுப்படியாகும். அதே கையோடு டர்னிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்தான் கொட்டை கரைகிறது.

கையில் 6, 7. டர்னில் தரையில் 9, 10 இருக்கின்றன. 8 வந்தால் ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு). (ஓசூர்)

உதவும் சீட்டு நான்கே நான்கு, உதவாதவை 42. 4 கொட்டை போட, நடுவில் 42 வேண்டும். போதாததற்கு, 8 வந்தாலும் ஜாக்கியும் ராணியும் வைத்திருப்பவர் உங்களை முந்திவிடுவார். கவிழ்க்கவும்.

ஃப்ளஷ் அமைந்தும் ஃபுல் ஹவுஸிடம் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் ஜோடி) தோற்றேன். தரையில் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 8, ஆட்டின் 8, டைமண்ட் 4 இருந்தன. கையில் ஸ்பேட் 5, 9. (கிருஷ்ணகிரி)

தரையில் ஜோடி விழுந்ததுமே 9 ஸ்பேடும் உங்களுடையவை என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். எதிராளி கையில் ஒரு 8 இருந்தால், ஸ்பேட் 4 உங்களுக்கு ஃப்ளஷ் தரும். அவருக்கு ஃபுல் ஹவுஸ் தரும். அவரிடம் ஏற்கெனவே ஃபுல் ஹவுஸ் இருந்தால் உங்களுக்கு உதவும் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஸ்பேட் ஏஸ் வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்பது தனிக் கவலை. இப்படிப்பட்ட தரையில் 17 எல்லாம் போதாது. 25-க்குக் குறைந்தால் நான் தொடர மாட்டேன்.

இவ்வளவு போட்ட பிறகு எப்படிக் கவிழ்ப்பது? (பாலக்கோடு)

நீங்கள் போட்டது இப்போது நடுவில் இருப்பதோடு சேர்ந்துவிட்டது. அங்கே அதை எண்ணுங்கள், வேறெங்கும் எண்ணாதீர்கள்.

பணம் கட்டி ஆட நல்ல செயலி சொல்லுங்கள். (அரூர்)

சொல்வதற்கில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

டர்னில் எனக்குப் பின்னாலும் ஒருவர் ஆட இருக்கிறார். நான்கு ஸ்பேட், நடுவில் 20 இருந்தால் சரிதானே? (ஊத்தங்கரை)

அவர் ஏற்றாமல் இருந்தால் சரி. ஏற்றுகிறவர் என்றால் உங்கள் செலவு 8 ஆகிறது. முதலில் போட்டவரும் தொடர்ந்தால், 8 போட்டு 32-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். நான்கு மடங்குதான், போதாது. கடைசிச் சுற்றில் இருவரில் ஒருவராவது உங்களுக்குப் படி அளப்பார் என்றால் மட்டுமே தேறும். ஆனால் முதல் 4-ஐப் போட்டபின் அவர் ஏற்றிவிட்டால், அப்போது பயந்து கவிழ்க்காதீர்கள். மிச்சம் 4 கொட்டைக்கு எதிரே 36 காத்திருக்கிறது.