மீன் விலை இறங்கும், டீ விலை இறங்குமா?

கேள்வி: பணவீக்கத்துக்கு வரையறை கேட்டால் என் பிளஸ் டூ பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு பையன், "பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு செய்தியில சொன்னாங்களே மிஸ், அப்புறம் ஏன் எதுவுமே விலை குறையலை?" என்கிறான். எப்படிப் புரியவைப்பது?
- ஓர் ஆசிரியை, கடலூர் முதுநகர்

பதில்: அவன் கேட்டதுதான் பாடமே டீச்சர், அங்கிருந்தே ஆரம்பியுங்கள். 100 ரூபாய்ப் பொருள் 6 சதவீதம் ஏறினால் 106. அடுத்த வருஷம் பணவீக்கம் 4 சதவீதமாகக் 'குறைகிறது', விலையோ 110 ரூபாய் 24 காசு. குறைந்தது ஏறும் வேகம்தான். ரிசர்வ் வங்கியின் இலக்கே 4 சதவீதம் (2 முதல் 6 வரை இருக்கலாம்), பூஜ்யம் இல்லை. வருஷா வருஷம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு வைத்த இலக்கு அது.

அடுத்து, மீனையும் டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, வஞ்சிரம் என்ன விலை விற்கும் என்று துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம். தடை முடிந்து வரத்து கூடினால் இறங்கிவிடும். இதைப் பணவீக்கம் என்று எழுதினால் மார்க் போடாதீர்கள்; ஒரு பொருள் சீசனுக்கு ஏறி இறங்குவது வேறு, பொதுவாக எல்லா விலையும் ஏறிக்கொண்டே போவதுதான் பணவீக்கம். டீக்கடையில் நடப்பது வேறு: பால், டீத்தூள், 19 கிலோ சிலிண்டர், வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் ஏற ஏற, கையைக் கடித்தாலும் கடைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார், பிறகு சில்லறைத் தொல்லை வேண்டாமென்று ஒரே காலையில் இரண்டு மூன்று ரூபாய் ஏற்றிவிடுவார். அப்புறம் சிலிண்டர் விலை இறங்கினாலும் டீ இறங்காது, சம்பளமும் வாடகையும் இறங்காதே!

விலையை ஏற்றாமலே ஏற்றுகிற வித்தையும் உண்டு. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று படித்து எழுதிவரச் சொல்லுங்கள், பழைய உறை கிடைத்தால் இன்னும் நல்லது.

யாராவது, "பாண்டிச்சேரியில பெட்ரோல் கம்மி, அங்க பணவீக்கம் இல்லையா மிஸ்?" என்பான். அது வரி வித்தியாசம். அங்கேயும் விலை ஏறும், கீழ்ப்படியிலிருந்து ஏறும், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடமாக, மாதா மாதம் அதே கடையில் அதே பொருட்களின் விலையைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆனால் சும்மா கூட்டி வகுத்தால் உப்புக்கும் அரிசிக்கும் ஒரே மரியாதை ஆகிவிடும். வீட்டுச் செலவில் எது எவ்வளவு பங்கு என்று பார்த்து மதிப்புக் கொடுக்க வேண்டும். அரசுக் கணக்கும் அப்படித்தான், 2012-ஐ அடிப்படையாக வைத்த பழைய விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் ஏறத்தாழ 46 சதவீதப் பங்கு இருந்தது.

கேள்வி: அரசாங்கமே நோட்டு அடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன?
- ஒரு மாணவர், புதுச்சேரி

பதில்: கொடுக்கலாம் தம்பி. எல்லார் பையிலும் பணம் இருக்கும், கடையில் அரிசி அதே பத்து மூட்டைதான் இருக்கும், ஏலம் கேட்கிற மாதிரி விலை ஏறும். ஜிம்பாப்வேயில் அப்படி அடித்து அடித்து, 2009 ஜனவரியில் ஒரு கோடி கோடி டாலர் மதிப்பில் ஒற்றை நோட்டு வெளியிட்டார்கள். அந்த வருஷமே அந்தப் பணத்தைக் கைவிட்டுவிட்டு வெளிநாட்டுப் பணத்தில் வியாபாரம் செய்ய ஆரம்பித்தார்கள்.