உங்கள் மகள் போர் விமானம் ஓட்ட ஆசைப்படுகிறாள் என்றால்

வணக்கம் அம்மா,

போன சனிக்கிழமை நீங்களும் மகளும் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்துபோனதிலிருந்து உங்கள் முகம் மனதை விட்டுப் போகவில்லை. "ஒரே பொண்ணு சார். பிளேன் ஓட்டப் போறேன்னு அடம் பிடிக்கிறா. நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றீர்கள். அவள் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பாவனா காந்த் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஹாரில் தர்பங்கா பக்கம் சொந்த ஊர். அப்பா பரௌனி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினீயர். பாவனா பெங்களூரு பி.எம்.எஸ். பொறியியல் கல்லூரியில் மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் படித்து 2014-இல் பட்டம் வாங்கினார். கேம்பஸிலேயே டி.சி.எஸ்.ஸில் வேலையும் கிடைத்தது. நம் வீடுகளில் என்றால் அத்தோடு ஸ்வீட் கொடுத்துவிட்டு ஜாதகத்தைக் கையில் எடுத்திருப்போம். அவர் விமானப்படைக்குப் போனார்.

அவர் பயிற்சிக்குப் போனபோது பெண்கள் போர் விமானம் ஓட்ட இந்திய விமானப்படையில் அனுமதியே கிடையாது. 1994-இலேயே ஹரிதா கௌர் தியோல் ஆவ்ரோ என்ற போக்குவரத்து விமானத்தைத் தனியாக ஓட்டினார். 1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனா சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார். ஆனாலும் ஃபைட்டர் என்கிற போர் விமானம் மட்டும் பெண்களுக்கு எட்டாமல் இருந்தது. 2015 அக்டோபரில்தான் அரசு அனுமதி கொடுத்தது. 2016 ஜூன் 18 அன்று ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியில் பாவனாவும், அவனி சதுர்வேதியும், மோகனா சிங்கும் ஃபைட்டர் பிரிவின் முதல் பெண் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். இன்றைக்கு மூடியிருக்கும் கதவைப் பார்த்து உங்கள் மகளின் ஆசையை அளக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதோடு முடிந்துவிடவில்லை. கர்நாடகாவின் பீதரில் ஹாக் என்ற பயிற்சி ஜெட்டில் பயிற்சி. 2018 மார்ச்சில் ஹரியானாவின் அம்பாலாவில் மிக்-21 பைசன் போர் விமானத்தைத் தனியாக ஓட்டினார். மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்கும் விமானம் அது. பகல் நேரப் போர்ப் பணிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் விமானி என்று 2019 மே மாதம்தான் அறிவித்தார்கள். பட்டம் வாங்கி ஐந்து வருடம்! இடையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு பரீட்சை. திறமையைப் பார்த்து சிலரை ஹெலிகாப்டருக்கும், சிலரைப் போக்குவரத்து விமானத்துக்கும் அனுப்புவார்கள். "ஃபைட்டர் கிடைக்காவிட்டால் தோல்வி" என்ற எண்ணம் அவள் மனதில் இருந்தால் இப்போதே பேசி அதைக் கழற்றிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் வீட்டு விஷயம். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் உங்கள் தையல் மெஷின் மேல் கிடக்கும் டேப்பை எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து உயரம் பாருங்கள். விமானி ஆக 162.5 செ.மீ. வேண்டும். அப்புறம் தரையில் முதுகைச் சுவரில் ஒட்டி உட்காரச் சொல்லி, காலை நேராக நீட்ட வைத்து, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து பாருங்கள். 99-லிருந்து 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். காக்பிட்டில் கால் மிதிக்கு எட்ட வேண்டுமே, அதற்காக. பிறகு ஒரு நல்ல கண் மருத்துவரிடம் பார்வையோடு நிறம் பிரித்தறியும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு வருடம் இரவு பகலாகப் படித்து, தேர்வெல்லாம் ஜெயித்து, மெடிக்கலில் நிறக் குறைபாட்டால் திரும்பி வந்தான். அரை மணி நேரச் சோதனையை முதல் நாளே செய்யச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் வருந்துகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு குரூப்பை மாற்றி காமர்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். கணக்கும் இயற்பியலும் இல்லாமல் விமானி ஆக வழியில்லை. அந்த இரண்டும் இருந்தால் அவளுக்கு முன்னால் இரண்டு வாசல்கள். ஒன்று, பன்னிரண்டாம் வகுப்போடு எழுதும் என்.டி.ஏ., அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2021 நவம்பரில்தான் பெண்கள் முதன்முதலாக அதை எழுதினார்கள். பாவனா பள்ளி முடித்த காலத்தில் இல்லாத வாய்ப்பு இது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் மூன்று வருடப் படிப்பும் அரசு செலவு. அதில் கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பட்டம் 60 சதவீதத்தோடு முடித்து ஏ.எஃப்.கேட். என்ற விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வை எழுதலாம். அதுதான் பாவனா போன வழி. ஆகவே இன்ஜினீயரிங் கனவையும் விமானக் கனவையும் நீங்கள் மோதவிட வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங் (தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு) இருந்தால் கட்டாயம் சேரட்டும்.

இரண்டு தேர்வுக்கும் தமிழில் கேள்வித்தாள் கிடையாது. அவள் தமிழ் வழியில் படிப்பதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன். தினம் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டு வாசிக்கட்டும். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு விமானப்படைத் தேர்வு வாரியம் ஐந்து நாள் வைத்துப் பார்க்கும். மைசூருவில் ஒரு வாரியம் இருக்கிறது. உச்சரிப்பு அழகை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கூட இருப்பவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள். அங்கேயே விமானித் திறன் சோதனையும் நடக்கும். திரையில் நகரும் புள்ளியைக் கைப்பிடியாலும் கால் மிதியாலும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தச் சோதனை. காய்ச்சலோடு, தூக்கமில்லாமல் போய் உட்காரக் கூடாது.

"உயிருக்கு ஆபத்து இல்லையே சார்?" என்று வாசலில் நின்று கேட்டீர்கள். இருக்கிறது அம்மா. மேலே சொன்ன ஹரிதா 1996-இல் நெல்லூர் அருகே நடந்த ஆவ்ரோ விபத்தில் இறந்துபோனார். உங்களிடம் இதை மறைத்துவிட்டு நான் ஆலோசனை சொல்ல முடியாது. அவளுக்கும் இது தெரியட்டும். தெரிந்த பிறகும் வேண்டும் என்கிறாளா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் கண் மருத்துவரின் சீட்டையும் எடுத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு மட்டும் பேசுகிறேன். போன முறை அவள் வாயைத் திறக்க நாம் இரண்டு பேருமே விடவில்லை.